நாடா இல்லாத வரிசைகள்

மழை விட்டதா என்று பார்க்க மக்காரியோ கொட்டகைக்கு வெளியே தலையை நீட்டினான். விட்டிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து டிராக்டரின் பின்சக்கரத்தில் சாய்ந்து நின்றான். காலையிலிருந்து இதே கூத்துதான். மழைக்கு ஒதுங்கி நிற்கிற நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது.

பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியின் மேல் செலெஸ்தீனோ உட்கார்ந்திருந்தான். மக்காரியோவின் மனைவியுடைய தம்பி. ரப்பர் பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தான். ஒரு டம்ளர் தண்ணீராவது கொட்டியிருக்கும்.

“மச்சான், இங்க வெயில் காலம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லித்தானே என்னைக் கூட்டிட்டு வந்த?”

“இதான் வெயில் காலம்.”

“அப்ப மழைக்காலம்?”

“அப்ப பனி கொட்டும். அதுக்குள்ள நம்மள ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

செலெஸ்தீனோ சிரித்தான். மக்காரியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகை வாசலிலிருந்து பார்த்தால் குன்றுச் சரிவு முழுக்கத் தெரியும். கம்பி கட்டி ஏற்றிய திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. கனடாவில், கியூபெக்கின் தென்கோடியில், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா என்கிற இடத்தில், பனிக்குத் தாங்குகிற கொடிகளை மட்டும் வைத்து வளர்த்த சின்னத் தோட்டம் அது. குளிரை அந்தக் கொடிகள் தாங்கிக்கொள்ளும். ஈரத்தைத்தான் தாங்காது. ஈர இலையைத் தொடவும் கூடாது. தொட்ட கையே ஒரு கொடியின் பூஞ்சையை அடுத்த கொடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் மழை நின்று இலை காய்ந்த பிறகுதான் உள்ளே போக முடியும். அந்த வருஷம் இலை காய்ந்ததாகவே நினைவில்லை.

மழை ஓய்ந்த இடைவெளிகளில் இருவரும் குலைகளைச் சுற்றியிருக்கிற இலைகளைக் கிள்ளிக் காற்றுக்கு வழி விட்டார்கள். ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தார்கள். மேலே எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டு இருந்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை இருக்கும். பார்த்துப் பார்த்து மக்காரியோவுக்கு அது கண்ணிலேயே நின்றுவிட்டது. வியாழக்கிழமை மளிகை வாங்கப் போனபோது கடை வாசலில் இருந்த பூந்தொட்டியின் இலையைப் புரட்டிப் பார்த்தான். கடைக்காரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். செலெஸ்தீனோ வண்டியில் வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அவன் சிரிப்பான். அவனுக்கு இது முதல் வருஷம். மக்காரியோவுக்கு மூன்றாவது. குவாத்தமாலாவிலிருந்து வருகிற ஆளுக்கு அனுமதிச் சீட்டில் ஒரே ஒரு முதலாளியின் பெயர்தான் இருக்கும். அந்த முதலாளி அக்டோபரில், அடுத்த வருஷம் எனக்கு இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் தலைநகரத்து ஏஜென்சி வாசலில் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். அங்கே நிற்கிறவர்களெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். மக்காரியோவுக்கு நாற்பத்து நாலு. ஏஜென்சிக்காரன் முதலில் கையைத் திருப்பிப் பார்ப்பான், பிறகு முகத்தில் சுருக்கத்தைப் பார்ப்பான். வீட்டில் மூத்தவள் ஒதீலியா நர்ஸ் படிப்பில் பாதியில் இருந்தாள். மதாம் பெயர் எழுதினால் அவள் நர்ஸ். எழுதாவிட்டால் அம்மாவோடு தறியில் உட்கார வேண்டியவள்.

மதாம் என்பது ஜிஸ்லேன். தோட்டத்துக்காரி. புருஷன் ரெஜான் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத் தோட்டத்தை நடத்தினாள். கெட்டவள் இல்லை. இவர்களுக்காகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவள். பிறந்தநாளுக்குக் கேக் செய்து, இவர்கள் தங்கியிருந்த டிரெய்லர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பாள். ஜூன் மாதம் மழை ஆரம்பித்தபோதே வரிசை நடுவில் நின்று சொல்லிவிட்டாள்.

“மக்காரியோ, இந்தக் கொடிங்க தப்பிச்சாத்தான் அடுத்த வருஷம் நான் யாரையாவது கூப்பிட முடியும். தெரியுதில்ல?”

“தெரியுது மதாம்.”

அதற்கப்புறம் அவன் இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வான்.

தோட்டத்தில் இரண்டு ஜாதிக் கொடி இருந்தது. விடால், வெள்ளைத் திராட்சை. ஃபோஷ், கறுப்பு. கறுப்பு என்பதெல்லாம் ஆகஸ்ட் கடைசியில் காய் நிறம் மாறிய பிறகு. அதுவரை இரண்டும் ஒரே பச்சை. இரண்டும் கலந்து நட்டது ரெஜானின் யோசனை. அவரைக் கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பார். விடாலுக்குச் சாம்பல் நோய் வராமல் கந்தகம் அடிக்க வேண்டும். ஃபோஷ் மேல் கந்தகம் பட்டால் இலை கருகி உதிர்ந்துவிடும், அதிலும் வெயில் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் ரெஜான் ஒரு பழைய ஆரஞ்சு நிற மேசைவிரிப்பைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஃபோஷ் வரிசை தொடங்குகிற கம்பத்தில் எல்லாம் கட்டி வைத்திருந்தார். நாடா இருந்தால் ஃபோஷ். இல்லாவிட்டால் விடால். மருந்தடிக்கும்போது மக்காரியோ அதற்கு மேல் எதையும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை தோட்டத்தில் கல்யாணம். மழை வருஷத்தில் கைக்கு ஏதாவது வரட்டும் என்று மதாம் சரிவை வாடகைக்கு விட்டிருந்தாள். பணியாட்கள் விருந்தினர் கண்ணில் படாமல் டிரெய்லரிலேயே இருந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் நாற்காலி தூக்க ஆள் போதாமல் செலெஸ்தீனோவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக மக்காரியோ பார்த்தான். படம் பிடிக்கிறவன் கம்பங்களைக் காட்டி ஏதோ சொன்னான். செலெஸ்தீனோ ஒவ்வொரு கம்பமாகப் போய் நாடாவை அவிழ்த்து மதாம் கையில் கொடுத்தான். அவள் தன் நீல மேலங்கியின் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

“கம்பத்துக்குக் கம்பம் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்காம், படத்துல அசிங்கமா விழுதாம்,” என்று செலெஸ்தீனோ வந்து சொன்னான். கல்யாணக் கேக்கில் ஒரு துண்டும் கொண்டுவந்திருந்தான்.

“திரும்பக் கட்டணுமே.”

“திங்கக்கிழமை நானே கட்டிக்கிறேன்னு மதாம் சொல்லிடுச்சு.”

திங்கட்கிழமை மழை. செவ்வாயும் மழை. அப்புறம் நாடாவை யாரும் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு காலை மதாம் டிரெய்லர் கதவைத் தட்டினாள். மழைக்கோட்டு போட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள். விடால் குலைகளில் சாம்பல் பூத்திருப்பதை முந்தின நாள் மூவரும் பார்த்திருந்தார்கள்.

“மத்தியானம் பெரிய மழைன்னு போட்டிருக்கான். அதுக்குள்ள கந்தகம் அடிச்சுக் காய விட்டுடணும். இப்ப விட்டா இனி வாய்ப்பு இல்ல. ஓடு.”

மக்காரியோ காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். தொட்டியில் மருந்தைக் கலக்கி, ரப்பர் உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினான். முகமூடிக்குள் மூச்சு பட்டு முகக்கண்ணாடி மங்கியது. வடமேற்கில் ஏரிப் பக்கம் வானம் கறுத்து நின்றது. ஒவ்வொரு வரிசை முடிந்து திரும்பும்போதும் அவன் பார்த்தது அந்தக் கறுப்பைத்தான். அடுத்த கம்பத்தைப் பார்ப்பான், நாடா இல்லை, உள்ளே விடுவான்.

சரிவின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு குழல் அடைத்துக்கொண்டது. இறங்கி அதைக் குத்திவிட்டு, முகமூடியைத் தூக்கிக் கண்ணாடியைத் துடைத்தான். நிமிர்ந்தபோது கண்ணுக்கு எதிரே ஒரு இலை. சின்ன இலை. விடாலுக்கு இலை பெரிது. அதன் கீழே சின்னக் காய்களாக நெருக்கி அடைத்த குலை.

அது ஃபோஷ். பக்கத்து வரிசைக்கு ஓடிப் பார்த்தான். அதுவும் ஃபோஷ். அதற்கு அடுத்ததும் ஃபோஷ். மூன்று வரிசையும் மஞ்சள் புகை படிந்து நின்றன.

செலெஸ்தீனோ கீழே இலை கிள்ளிக்கொண்டிருந்தவன், டிராக்டர் நின்றுபோனதைப் பார்த்து ஏறி வந்தான். மக்காரியோ கம்பத்தைக் காட்டினான். செலெஸ்தீனோ கம்பத்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான்.

“நாடா,” என்றான்.

“ஆமா.”

“நான்தான் அவுத்தேன், மச்சான்.”

“நீ அவுத்தத நான்தான் பாத்துட்டு இருந்தேனே.” மக்காரியோ வானத்தைப் பார்த்தான். “பரவால்ல. இப்ப மழை வந்துடும். வந்தா கழுவிட்டுப் போயிடும். ஒண்ணும் ஆகாது.”

மிச்சமிருந்த விடால் வரிசைகளை முடித்துவிட்டு வந்து இருவரும் கொட்டகை வாசலில் நின்றார்கள். கோடை முழுக்க வாராதே வாராதே என்று விரட்டிய மழையை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். செலெஸ்தீனோ புராட்டஸ்டன்ட் சபைக்காரன்; கண்ணை மூடி முணுமுணுத்தான். மக்காரியோ மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவன். சட்டைக்குள் கிடந்த பதக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க சாமி எங்க சாமி ரெண்டு பேருக்கும் இப்ப குழப்பம் வந்திருக்கும்,” என்றான் செலெஸ்தீனோ. “நேத்து வரைக்கும் வேணாம்னானுங்க, இன்னைக்கு வேணும்ங்கறானுங்க, இவனுங்களுக்கு என்னதான் வேணும்னு.”

அந்தக் கறுப்பு மேகம் ஏரி மேலேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து தெற்கே போயிற்று. ஒரு துளி விழவில்லை. மேகம் விலகிய இடத்தில் ஒரு வெளிச்சம் விழுந்து, அது சரிவில் இறங்கி, வரிசை வரிசையாகப் பரவி, கொட்டகை வாசல்வரை வந்தது. ஆறு வாரமாகக் கண்ணில் படாத வெயில். சுள்ளென்று அடித்தது.

மதாம் வீட்டிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தாள். புல்லில் நின்று முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். சின்னப் பெண்ணைப் போல இருந்தாள்.

“பாத்தியா மக்காரியோ? சூரியன். நமக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு. போங்க, ரெண்டு பேரும் போய் வெயில்ல உக்காருங்க. இன்னைக்கு வேலை போதும்.”

மக்காரியோ அவள் பக்கம் ஓரடி வைத்தான். இப்போது சொல்லலாம். சொல்லிவிட்டால் அவளே கூட வந்து குழாயைப் பிடிப்பாள். அந்தச் சந்தோஷமான முகத்தைப் பார்த்தான். அக்டோபரில் அவள் பேனாவை எடுக்கும்போது எது நினைவு வரும் என்று யோசித்தான்.

“தொட்டிய மட்டும் கழுவி வச்சுடறேன் மதாம்,” என்றான்.

“ரெஜான் ஒருநாளும் கழுவினதில்ல. நீ தங்கமான ஆளு.”

அவள் உள்ளே போனதும் தொட்டியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மக்காரியோ ஃபோஷ் வரிசைக்குள் டிராக்டரை விட்டான். முழு வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சினான். செலெஸ்தீனோ பின்னாலேயே கைக்குழாயைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எட்டாத உள்பக்கத்து இலைகளைக் கழுவினான். கரைந்து ஒழுகிய கந்தகம் கண்ணில் பட்டு இருவருக்கும் கண் எரிந்தது. தொட்டி காலியாகிறபோதெல்லாம் குளத்துக்கு ஓடினார்கள். அவர்கள் ஒரு கொடியை நனைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முதல் கொடி வெயிலில் காய்ந்தது. மேலே வராந்தாவில் மதாம் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். மக்காரியோவும் கையசைத்தான்.

அன்று மாலை மனைவி தொமித்தீலா ஊரிலிருந்து போன் செய்தாள். ஊரில் சோளம் மழையில்லாமல் சுருண்டுவிட்டதாம்.

“அங்க பெய்யறதுல கொஞ்சம் இங்க அனுப்பக் கூடாதா?”

“இன்னைக்கு இங்கயும் பெய்யல,” என்றான்.

“அப்ப சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே. ஏன் குரல் இப்படி இருக்கு?”

“மருந்து அடிச்சேன். தொண்டை கட்டியிருக்கு.”

மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது, சட்டியில் மறந்துவிட்ட சோள ரொட்டியின் ஓரம் போல. அடுத்தடுத்த நாட்களில் குலைகளை மூடியிருந்த இலைகள் காய்ந்து சுருண்டு விழுந்தன. கழுவியதற்குப் பலன் இருந்தது. உச்சி இலைகள் பிழைத்தன, கொடி சாகவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்த மூன்று வரிசையும் தனியாகத் தெரிந்தன.

“நோய்னு சொல்லிடு,” என்றான் செலெஸ்தீனோ. “இந்த மழையில எதுக்குத்தான் நோய் வரல?”

“அவங்களுக்கு நோய் எப்படி இருக்கும்னு தெரியாதா?”

“அப்ப நான் அவுத்தேன்னு சொல்லு. முத வருஷக்காரன், போனாப் போறேன்.”

“நீ போனா உங்க அக்கா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா? வாய மூடிட்டு வேலையப் பாரு.”

நாளைக்குச் சொல்லிவிடுவது என்று மக்காரியோ தீர்மானித்தான். மறுநாள் காலை அவன் போவதற்கு முன்பே மதாம் அந்த வரிசையில் நின்றிருந்தாள். கருகிய இலை ஒன்றைக் கையில் வைத்துத் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கந்தகம்,” என்றாள்.

“ஆமா மதாம். நான்தான். நாடா இல்ல, அவசரத்துல…” கருகாத உச்சி இலைகளைக் காட்டினான். “அன்னைக்கே கழுவினோம். அதான் இவ்வளவோட நின்னுது.”

“தொட்டி கழுவறேன்னு சொன்ன.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“மூணு வருஷமா இங்க இருக்க மக்காரியோ. நாடா இல்லன்னா எது ஃபோஷ், எது விடால்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதுதான் அவனைக் குத்தியது. கையில் கத்தரியோடு போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லியிருப்பான். மதாம் திட்டவில்லை. இலையைக் கீழே போட்டுவிட்டுக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

“பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

திட்டியிருந்தால்கூட அவன் தூங்கியிருப்பான். அந்தப் ‘பாக்கலாம்’ அவனைத் தூங்க விடவில்லை. எதைப் பார்ப்பாள், எப்போது பார்ப்பாள். அவள் போனில் பேசினால் தன்னைப் பற்றியோ என்று காது கொடுத்தான். பிரெஞ்சில் அவனுக்குத் தெரிந்தது தோட்டத்து வார்த்தைகள் கொஞ்சம்தான், அவையும் காதில் விழவில்லை. அந்த வருஷம் அவன் பிறந்தநாளுக்குக் கேக் வந்தது. வழக்கம்போல வந்ததா, கடமைக்கு வந்ததா என்று பார்த்துப் பார்த்தே அதைத் தின்றான்.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. அவன் இன்னும் சீக்கிரம் எழுந்தான். நெருக்கமான குலைகளுக்குள் அழுகத் தொடங்கிய காய்களைச் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தான். யாரும் சொல்லாத வேலை அது. ஒரு குலைக்குள் ஒரு காய் அழுகினால் மொத்தமும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் போனான். விரல் நுனிகள் ஊறி வெளுத்து, தோல் உரிந்தது. செலெஸ்தீனோ முதலில் கேலி செய்தான், பிறகு அவனும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றான்.

“மச்சான், இந்தக் காயுங்களுக்குப் பல்லும் வெளக்கி விட்டுடலாமா?” என்று மட்டும் ஒருநாள் கேட்டான்.

செப்டம்பரில்தான் வானம் மனமிரங்கியது. ஃபோஷ் கறுத்தது. எல்லா வரிசையிலும் அழுகல் இருந்தது, வெட்டி வெட்டிக் காப்பாற்றியதுதான் மிச்சம். கருகிய மூன்று வரிசைகளில் மட்டும் அழுகல் குறைவு. இலை உதிர்ந்ததால் காற்று உள்ளே புகுந்து குலைகளைக் காய வைத்திருந்தது. பழுக்கக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். மக்காரியோ முதலில் அதை நம்பவில்லை. தினமும் போய்ப் பார்த்தான். ஒருநாள் மதாமும் போய்ப் பார்த்ததைப் பார்த்தான். அவள் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, சற்று நேரம் அங்கேயே நின்றாள்.

“நல்ல சகுனம்,” என்றான் செலெஸ்தீனோ. அன்று இரவு மக்காரியோ தொமித்தீலாவிடம், அடுத்த வருஷத்துக்கு ஒதீலியா சேரட்டும் என்று சொன்னான்.

அறுவடைக்கு நகரத்திலிருந்து விருந்தினர்கள் வருவது அங்கே வழக்கம். மரத்தடியில் நீள மேசை போட்டு ரொட்டி, பாலாடைக்கட்டி, வறுத்த இறைச்சி. காலையில் பழம் வெட்டுவார்கள், மத்தியானம் சாப்பிடுவார்கள், போகும்போது ஆளுக்கொரு பாட்டில். எல்லாரும் புதிய வைக்கோல் தொப்பி போட்டிருந்தார்கள். விரலை வெட்டிக்கொள்ளாமல் கத்தரியைப் பிடிப்பது எப்படி என்று மக்காரியோ சைகையில் காட்டினான். பிறகு அவர்கள் நிரப்பிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தான். இந்தக் கூட்டத்தோடு ஃபோஷ் முடிந்துவிடும். விடாலுக்கு இன்னும் நாள் இருந்தது.

மதாம் ஒரு கும்பலை அழைத்துக்கொண்டு அந்த மூன்று வரிசைக்கு வந்தாள். மக்காரியோ பெட்டியோடு ஒதுங்கி நின்றான். அவள் ஒரு குலையைக் கையில் ஏந்திக் காட்டிப் பிரெஞ்சில் பேசினாள். இலை என்பது புரிந்தது. மழை என்பது புரிந்தது. எங்கள் முறை என்பதும் புரிந்தது. விருந்தினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குலையை முகர்ந்து பார்த்தார்.

மக்காரியோ பெட்டியைக் கீழே இறக்கி வைத்தான். அவளுக்குத் தன்மேல் கோபம் இல்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

கும்பல் கலைந்து வெட்டப் போனதும் மதாம் அவனிடம் வந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

“நல்ல பழம் மக்காரியோ. நீ நல்லா உழைச்ச. உனக்குச் சிபாரிசுக் கடிதம் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கேன்.”

அவனுக்குப் புரியவில்லை. கடிதம் எதற்கு?

“அடுத்த வருஷம் என்னால ஒரு ஆளத்தான் கூப்பிட முடியும். செலெஸ்தீனோ பேரக் கொடுத்திருக்கேன். சின்னப் பையன், எல்லாரோடயும் சிரிச்சுப் பேசறான். கல்யாண வேலைக்கும் ஆவான். மருந்து விஷயத்துல நான் இன்னொரு தடவ பயந்துக்கிட்டு இருக்க முடியாது. நீயே புரிஞ்சுக்குவ.”

“இந்த மூணு வரிசை மதாம்,” என்றான் அவன். கையால் காட்டினான்.

“ஆமாம், அதிர்ஷ்டம்தான்,” என்றாள் அவள். மேலங்கியின் பைக்குள் கையை விட்டாள். கசங்கிய ஒரு துணிச் சுருள் வெளியே வந்தது. மேலங்கியோடு சேர்ந்து எத்தனை முறை துவைபட்டதோ, ஆரஞ்சு நிறம் போய் வெளிறிக் கிடந்தது. “போறதுக்குள்ள இதக் கட்டிடு. செலெஸ்தீனோவுக்கு எது ஃபோஷ்னு தெரியாதில்ல. பாவம், மாத்தி அடிச்சுடப் போறான்.”

மேசைப் பக்கம் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

செலெஸ்தீனோ வெறும் பெட்டிகளோடு மேலே ஏறி வந்தான். மக்காரியோவின் கையில் இருந்த நாடாவைப் பார்த்து நின்றான். மக்காரியோ இரண்டே வார்த்தையில் சொன்னான். செலெஸ்தீனோ பெட்டிகளைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

“நான் வரல. இப்பவே போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லிட்டு? எவனோ ஒருத்தன் வருவான். ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது.”

“அக்காகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது, மச்சான்?”

“இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்.” மக்காரியோ நாடாவை உதறி நீட்டினான். “வந்து இந்த முனையப் பிடி, மாப்ள. இறுக்கிக் கட்டணும். காத்துக்கு அவுந்துடக் கூடாது.”

செலெஸ்தீனோ முனையைப் பிடித்துக்கொண்டான். விரல் நுனிகளில் தோல் இன்னும் சரியாக வளரவில்லை. முடிச்சு போடும்போது மக்காரியோவுக்கு வலித்தது. ஒரு கம்பம் முடிந்து அடுத்த கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது, வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் கையில் கைப்பேசியோடு வந்தாள். நாடாவைக் காட்டி மதாமிடம் ஏதோ கேட்டாள். மதாம் மேசைப் பக்கமிருந்தே சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். அந்த வார்த்தை மக்காரியோவுக்குத் தெரியும், அழகு.

அந்தப் பெண் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். கொடியும் கறுத்த குலையும் நாடாவும் வரும்படி ஒருமுறை பார்த்தாள், திருப்தியில்லாமல் மறுபடி மதாமைத் திரும்பிப் பார்த்தாள்.

“மக்காரியோ,” என்று மதாம் கூப்பிட்டுச் சொன்னாள், “கொஞ்சம் தள்ளி நின்னுக்கோ. படத்துல விழற.”

அவன் முடிச்சை இறுக்கிவிட்டுத் தள்ளி நின்றான்.